கடலடியை வெட்டச் சொன்னவர்கள்

பள்ளிக்கூட புராஜெக்ட் செய்து விற்கும் தொழிலில் மார்க் பிள்ளைகளுக்கு, பெருமை பெற்றோருக்கு, தெர்மாகோல் தூள் மட்டும் நம் மூக்குக்கு. முகப்பேரில் கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் இருக்கும் நீங்களும் என்னைப்போல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். இந்த வருஷம் ஏழாம் வகுப்புக்குக் கடலடி நிலத்தோற்ற மாடல். பதினாறு பேர் என்னிடம் ஆர்டர் கொடுத்தார்கள். அதே வகுப்பில் படிக்கும் என் மகள் யாழினி மட்டும், “நீ தொடாதம்மா, நானே செய்றேன்” என்று பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்கினாள். நல்ல மார்க் வரவேண்டுமே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

அகழி

கடலிலேயே ஆழமான இடம் அகழி. அதற்காக அரையடி கீழே இறக்கிச் செய்திருந்தேன். வாங்க வந்த ஐ.டி. அப்பாவின் ஸ்கூட்டரில் அது நிற்கவில்லை. ஒரு ஆட்டோ பிடிக்க வேண்டியதுதானே? என் கடலை மாற்றச் சொன்னார்: “பள்ளத்த மட்டும் வெட்டிடுங்க மேடம், மேல நீல பெயிண்ட் அடிச்சுட்டா உள்ள யாரு பாக்கப் போறா?”

மலைத்தொடர்

நசரத்பேட்டையிலிருந்து வந்தவர், பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நடுக்கடல் மலைத்தொடரைப் பார்த்து முகம் சுளித்தார். மொட்டையாக இருக்கிறதாம், மரம் வைக்கணுமாம். வெயிலே எட்டாத ஆழம், அங்கே மரம் வராது என்று பொறுமையாகத்தான் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்: “அவ்ளோ தண்ணி கீது, மரம் வளராதா இன்னா? பயிர் வெச்ச ஆளாண்டயே வந்து சொல்றியேம்மா!”

சமவெளி

ஆழ்கடல் சமவெளி தட்டையாக இருக்கவேண்டும். இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. வாங்க வந்த அம்மா தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “ரொம்ப நல்லா இருக்குங்க, அதான் பிரச்சினை. பிள்ள செஞ்ச மாதிரி கொஞ்சம் கேவலமா பண்ணிக் குடுங்களேன்!”

மார்க்

பெற்றோர் கூட்டத்தன்று எல்லா மாடலும் வகுப்பில் வரிசையாக இருந்தன. என் பதினாறும் பத்துக்குப் பத்து. யாழினி செய்ததில் கண்டத்திட்டு சரிந்து, சமவெளியாகி, அகழிக்குள் இறங்கியது, அப்படியே பாடப் புத்தகத்தில் உள்ளபடி. மார்க் மூன்று. ஏன் என்று கேட்டேன். அவளை வைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்: “அம்மா கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்தா அவ்ளோதான் மேடம். மத்த பிள்ளைங்களப் பாருங்க, எல்லாம் சொந்தமா செஞ்சிருக்காங்க!”

நான் விற்ற பதினாறு பொய்யையும் காப்பாற்ற, யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தேன், நல்ல பிழைப்பு!