இரண்டடுக்குக் கோயிலில் இரண்டரைச் சுற்று

ஐயா, அம்மா, வணக்கம். ஜப்பானில் நான் கண்ட பழங்கோயில் ஒன்றையும், அங்கே நான் செய்த பிழையையும் தங்கள்முன் வைக்கிறேன்.

அங்கே வசிக்கும் எங்கள் மகளின் பிரசவத்திற்குச் செல்ல வேண்டியவள் என் மனைவி. கோலியனூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து அவள் கால் எலும்பு முறிந்தமையால் நான் அனுப்பப்பட்டேன். மகளுக்கு வலி கண்ட காலையில் மருமகன் பிரசவ அறைக்குள் சென்றுவிட்டார். நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன். அப்போது மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"சும்மா நடந்துக்கினு இருந்தா ஆச்சா? எதிர்ல கோயில் இருக்குதுன்னீங்களே, போய் மூணு சுத்து சுத்திட்டு வாங்க."

"அது அவங்க சாமிடி."

"பொறக்கப் போறதும் அவங்க ஊர்லதான?"

சாலையைக் கடந்தேன். சிவப்பு மர வாயிலில் செருப்பைக் கழற்றினேன். நம்மூர் வழக்கப்படி கைப்பேசியையும் அணைத்தேன். கோயில் விந்தையானது. ஒரு கோயிலின் கூரைமேல் இன்னொரு சிறு கோயிலை இறக்கி வைத்தாற்போன்ற அமைப்பு. மரப்பட்டை வேய்ந்த கூரைகளின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. மேல்கோயிலுக்குப் படி தேடினேன், கண்ணில் படவில்லை. பிராகாரமும் இல்லை, பின்புறம் வேலி மறித்தது. ஆகவே குளம், தோப்பு உட்பட வளாகம் முழுவதையும் சுற்றினேன். சரளைக்கற்கள் குத்தின. திரும்பும் இடமெல்லாம் மருத்துவமனைச் சன்னல்களையே பார்த்தேன்.

மூன்றாம் சுற்றின் பாதியில் மருமகன் ஓடிவந்தார். கையில் என் செருப்பு.

"போன ஏன் மாமா ஆஃப் பண்ணீங்க? கொழந்தைக்கு நாடி எறங்குது, ஆபரேஷன்னுட்டாங்க. உங்களப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு அவ அடம்புடிச்சிக்கினு கெடக்குறா."

"நான் இங்க இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?"

"இந்த ஊர்ல கேட்டாண்ட செருப்பு உடுற ஆளு வேற யாரு? ஜல்தி வாங்க."

வெறுங்காலுடன் ஓடினேன். அதற்குள் மகளை உள்ளே கொண்டுசென்று கதவை மூடிவிட்டனர். அக்கதவின்முன் நின்ற நேரத்தை அளந்து சொல்ல எனக்குத் தெரியாது.

பெண் குழந்தை. இருவரும் நலம். மறுநாள் மகள், "நான் உனக்காகக் கதவையே பாத்துக்கினு இருந்தேன், நீ கோயில சுத்திக்கினு இருந்தியாப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது விழுப்புரத்துக் கோயில்களிலும் நான் கைப்பேசியை அணைப்பதில்லை. பூசாரி முறைக்கிறார்; முறைக்கட்டும். தாத்தா அன்று எங்கே போனார் என்று பேத்தி ஒருநாள் கேட்பாள். அதுவரை இக்குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.