கோயிலில் வாசிக்காத ஓலை

விவேக் நகரில் ஆஞ்சலாவின் இஸ்திரி வண்டியைத் தெரியாதவர் கிடையாது. அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையை நாற்காலியில் வைத்தால் அது கால்மேல் கால் போட்டு உட்காரும். சட்டைக்கு ஏது கால் என்று கேட்பவர்கள் அவள் தேய்த்ததைப் பார்த்ததில்லை.

அந்தக் கைப்பக்குவம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

தாய் தகப்பன் இல்லாத பெண்ணாகக் கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய ஒரு இல்லத்தில் வளர்ந்தவள் அவள். வளர்ந்தவள் என்பதைவிட வெளுத்தவள் என்பதே சரி. ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, சாமியார்களின் பூசை உடுப்பு, எல்லாம் அந்தப் பெண்களின் கையில்தான் வெளுத்தன. கூலி மோட்சத்தில் கிடைக்கும் என்பார் இல்லத் தலைவியான மதர். கஞ்சித் தொட்டியில் கை வெந்தாலும் ஜெபமாலை நிற்கக் கூடாது. வெளிக்கதவின் சாவி மதரின் இடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை.

அங்கே அன்பாகப் பேசியது சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட மௌரீன் சிஸ்டர் ஒருவர்தான். ஆஞ்சலா காய்ச்சலில் கிடந்தபோது அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியவர். அதனால்தான் அவரிடம் மட்டும் சொன்னாள்: அடுகோடி பேக்கரியிலிருந்து சைக்கிளில் ரொட்டி கொண்டுவரும் தியோடரைக் கட்டிக்கொள்ள ஆசை என்று.

“அடி கள்ளி! ரொட்டி வாங்க நீயே ஓடறப்பவே நெனச்சேன்” என்று மௌரீன் சிரித்தார். “கவலைப்படாதே சைல்ட். பங்கு ஃபாதர்கிட்ட நானே சொல்லி ஓலை வாசிக்கச் சொல்றேன்.”

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இல்லத்துப் பெண்களுக்குப் பூசை உள்ளே சிற்றாலயத்திலேயே. ஊர்க் கோயிலில் என்ன வாசித்தார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? “இந்த வாரம் வாசிச்சாச்சு” என்று மௌரீன் சொன்னார். ஆஞ்சலா நம்பினாள்.

“ஓலை வாசிச்ச பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது, தெரியுமில்ல? மாப்பிள்ளையே வந்து கூப்பிட்டாலும் போகாதே. கண்ணு பட்டுடும்.”

அது அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். அந்த வாரம் வெளிக்கதவுப் பக்கமிருந்து மௌரீனின் குரல் வந்தது: “ஆஞ்சலா, தியோடர் வந்திருக்கான். வெளிய வா!”

சிஸ்டர் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தாள். சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினாள்: “நான் வரமாட்டேன்!”

அதன்பின் ரொட்டி வேறு ஆள் கொண்டுவந்தான். “அவன் வேற பொண்ணு பாத்துட்டான்மா” என்று மௌரீன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆஞ்சலா இஸ்திரிப் பெட்டியோடு அங்கேயே நரைத்தாள். ஓட்டல்கள் மிஷின் வாங்கியதும் இல்லம் அவளுக்கு ஒரு ஜெபமாலை கொடுத்து வெளியே அனுப்பியது.

போன மாதம் குழந்தை இயேசு கோயிலில், வியாழக்கிழமை நவநாள் கூட்டத்தில், மெழுகுவத்தி வாங்கும் இடத்தில் ஒரு கிழவர் அவளை உற்றுப் பார்த்தார்.

“நீ ஆஞ்சலா தானே? வரமாட்டேன்னு கத்துனியே, அந்த ஆஞ்சலா?”

தியோடர்தான். பெண்டாட்டி செத்துப்போய், மகன் வீட்டில் இருக்கிறார். பேசப் பேச விஷயம் வெளியே வந்தது. எந்தக் கோயிலிலும் எந்த ஓலையும் வாசிக்கப்படவில்லை. ‘அவளுக்கு இஷ்டமில்ல, வேணும்னா உன் காதாலயே கேட்டுக்கோ’ என்று மௌரீன்தான் அவரைக் கதவருகே நிறுத்தினாராம்.

ஆஞ்சலா சொன்னதைத் தியோடர் முழுக்க நம்பவில்லை. “சிஸ்டரு பொய் சொல்வாங்களா?” என்றார். இந்த வயதில் அவளுக்குக் கலியாணமா வேண்டும்? தான் அவரைத் தள்ளவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மௌரீன் இப்போது வயதான கன்னியர் மடத்தில் படுக்கையில் இருந்தார். ஆஞ்சலா முதலில் தனியாகப் போனாள்.

“மதர் உத்தரவும்மா” என்றார் மௌரீன். “உன்னைப்போல கஞ்சி போட யாரிருந்தா? நீ போயிட்டா சலவையே நின்னுடும்னாங்க.”

“இதை அப்படியே அவர்கிட்ட சொல்லிடுங்க சிஸ்டர். போதும்.”

“கண்டிப்பா சைல்ட். கூட்டிட்டு வா.”

அடுத்த நாள் கூட்டிவந்தாள். தியோடர் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் தொப்பியோடு, கட்டிலருகே குனிந்து நின்றார். வாசலில் இளம் கன்னியர் இருவர் எட்டிப் பார்த்தார்கள். மௌரீன் அவர்களைப் பார்த்தார். பிறகு தியோடரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாவம், சின்னப் பொண்ணு. அவளுக்கு அப்போ என்ன தெரியும்? அவளைக் கோவிச்சுக்காதேப்பா.”

“சிஸ்டர்!” என்றாள் ஆஞ்சலா. “நேத்து என்ன சொன்னீங்க?”

மௌரீன் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் ஜெபம் சொல்வதுபோல் அசைந்தன. “சிஸ்டரை டயர்டு பண்ணாதீங்க ஆன்ட்டி” என்றாள் வாசலில் நின்றவள்.

வெளியே வந்ததும் தியோடர் பெரிய மனதோடு சொன்னார்: “விடு ஆஞ்சலா. பழங்கதை. நான் எப்பவோ உன்னை மன்னிச்சுட்டேன்.”

ஆஞ்சலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி, ஓரமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

“நீங்க போங்க” என்றாள். “பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ.”