மடிப்புக் கலையாத சேலை

எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஓர் அரசாங்க இலாகா பிறந்தது. சரித்திரக்காரர்கள் இதை எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

நமக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரன் இன்னும் போகவில்லை. அப்படி ஓர் இடைக்காலம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில், கண்டமங்கலத்தை ஒட்டி எங்கள் நிலம். சாலையைப் போட்டவன் ஒருவன், எல்லையைப் போட்டவன் வேறொருவன். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது. கொஞ்ச தூரம் இந்தியா, கொஞ்ச தூரம் பிரான்ஸ், மறுபடி இந்தியா, மறுபடி பிரான்ஸ். மாட்டு வண்டியில் தூங்கிக்கொண்டே அயல்நாட்டுப் பயணம் செய்துவிடலாம். எங்களுக்கு அந்த எல்லை ஒரு வரப்பு, அவ்வளவுதான். வரப்புக்கு அந்தப் பக்கத்து ஊரில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம்.

அந்த வரப்பில் சுங்கம் வைக்க வேண்டும் என்று டெல்லியில் யாருக்கோ தோன்றியது. மதராஸிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர், இரண்டு சிப்பாய்கள், ஒரு தகரப் பெட்டி, ஒரு ரப்பர் முத்திரை ஆகியவை வந்து இறங்கின. கட்டடம்தான் வரவில்லை. சாலையோரம் இருந்த எங்கள் கொட்டகையைக் கேட்டார்கள். அப்பா காளைகளைப் புளியமரத்தடிக்கு மாற்றினார். நாட்டுக்காக வீடிழந்த அந்த இரண்டு ஜீவன்களுக்கு யாரும் தாமிரப் பட்டயம் கொடுக்கவில்லை.

நான் அப்போது திண்டிவனத்தில் படிப்பை முடித்துவிட்டு, கிடைத்த நாவலையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டு, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். ஆபீசே வீடு தேடி வந்துவிட்டதால் உத்தியோகமும் பின்னாலேயே வந்துவிடும் என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன். இன்ஸ்பெக்டரின் விதிப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்து, சந்தைக்குப் போகிறவர்களை நிறுத்தி, கேட்காத சந்தேகங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். ஊரில் எனக்கு ‘சம்பளமில்லாத கலெக்டர்’ என்று பெயர்.

சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். அதன் ஒரு முனையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் சர்க்கார்.

அக்கா முதல் முறை அந்த மூங்கிலைப் பார்த்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கையில் கருவாட்டுக் குழம்புத் தூக்கு. சிப்பாய் அதைத் திறக்கச் சொன்னான்.

“தொறந்துக்கோ. மோந்து பாரு. வேணும்னா ஒரு கை சோறு எட்துக்கினு வந்து குந்து,” என்றாள் அவனிடம். பிறகு என்னைப் பார்த்தாள். “ஏன்டா தம்பி, நம்ம கொட்டாயிலதான் ராஜாங்கம் நடக்குதாமே? சாணி வாரிட்டு ஒக்காந்தாங்களா, அப்படியே ஒக்காந்துட்டாங்களா?”

உள்ளேயிருந்த இன்ஸ்பெக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல மனிதர். நாற்பது வயது தாண்டியவர், வயிற்று வலிக்காரர், மோர் பிரியர். அன்றிலிருந்து அக்கா வரும்போதெல்லாம் மூங்கில் தானாகவே எழும்பியது. அவளும் வரும்போதெல்லாம் அவரை ஒரு வார்த்தை சீண்டாமல் போனதில்லை. “சார், வெத்தல போட்டுக்கினு போறேன், வாயத் தொறந்து காட்டணுங்களா?” என்பாள்.

போகப் போக விதிகள் இறுகின. இங்கே துணிக்குத் தட்டுப்பாடு இருந்ததால், புதுத் துணி எல்லை தாண்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. உடுத்திய துணிக்குத் தடையில்லை. வியாபாரிகள் லேசுப்பட்டவர்களா? பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுபோய் அவள் மேல் போர்த்த வேண்டும். அதைக் கோடி போடுவது என்பார்கள். அந்தக் கோடியைச் சாக்காக வைத்துத் துணி கடத்தினார்கள். வாய்விட்டு அழுதுகொண்டே வருவார்கள், கக்கத்தில் மூட்டை இருக்கும். அந்தக் கோடையில் பிரெஞ்சு எல்லைக்குள் செத்துப்போன பெண்களைக் கணக்குப் பார்த்தால் காலரா வெட்கப்பட்டிருக்கும். பக்கத்துச் சாவடியில் அப்படி ஒரு மூட்டையை இரக்கப்பட்டு விட்ட அதிகாரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இந்தக் கதையை நானே பலரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அக்கா செத்துப் போனாள்.

மஞ்சள் காமாலை. கீழாநெல்லியும் பத்தியமுமாக இருந்தாள். தேறிவருகிறாள் என்றுதான் சேதி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் விடிந்ததும் அவள் ஊர் ஆள் வந்து வாசலில் நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

கோடை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். சித்தப்பாவை விழுப்புரத்துக்கு அனுப்பி அரக்கு நிறத்தில் ஒரு சேலை வாங்கிவரச் சொன்னார் அப்பா. அவர் பஸ் கிடைத்துத் திரும்புவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மடிப்புக் கலையாத சேலையைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சளும் பூவும் சேர்த்து, அப்பா ஏந்திக்கொண்டார். அம்மா, சித்தி, சித்தப்பா, பங்காளிகள், நான். எங்கள் கொட்டகை வாசலிலேயே, எங்கள் மூங்கிலுக்கு முன்னால் போய் நின்றோம்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். “யாருக்குங்க?” என்றார்.

“எம் பெரிய பொண்ணு பூட்டாளுங்க,” என்றார் அப்பா.

அவர் சுற்றிலும் பார்த்தார். இந்தப் பக்கம் சிப்பாய்கள் நிற்கிறார்கள். அந்தப் பக்கம், துணி பிடிபட்ட வியாபாரிகள் சிலர் என்ன நடக்கிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவின் காதருகே குனிந்து, “பெரியவரே, இது வீட்டில் உடுத்தின சேலைதானே? பழசுதானே?” என்றார்.

அவர் கதவைத் திறந்துதான் வைத்தார். அப்பாவுக்கு அது தெரியவில்லை.

“பழசா? இன்னா பேச்சு பேசறீங்க சார்? மடிப்புகூட பிரிக்கலீங்க. எம் பொண்ணுக்குப் பழஞ்சீலை போடற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போயிடல.”

“பழசுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்.”

“அத்த எப்டிங்க சொல்றது? அவ கேட்டுக்கினு இருப்பாளே.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோர் காதிலும் விழும்படி ‘புதுசு’ என்று சொல்லியாகிவிட்டது. இனி அவர் விட்டால் அவருக்கு வேலை இல்லை. மூத்த சிப்பாய்தான் ஒரு வழி சொன்னான்: “தொட்டியில ஒரு முக்கு முக்கி எடுங்களேன் பெரியவரே. நனைஞ்சா பழசுன்னு எழுதிக்கலாம்.”

“நனைச்சா அது இன்னாத்துக்குக் கோடி?” என்று சித்தப்பா கத்தினார். “காளைக்குக் காட்டற தொட்டியில நனைச்சு எட்துக்கினு போய் அவ மேல போடறதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் படித்தவன், விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். நான் முன்னால் போய் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று அடுக்கினேன். அந்தப் புத்தகத்தில் பிரயாணிக்கு இடம் உண்டு, வியாபாரிக்கு இடம் உண்டு, நாய்க்குக்கூட ஒரு வரி உண்டு. செத்துப்போன அக்காவுக்கு ஒரு வரியும் இல்லை. பாதி வாக்கியத்தில் என் இங்கிலீஷ் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் என் தோளைத் தொட்டார். அந்தக் கைக்குப் பதில் அவர் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா ஊரிலிருந்து வயல் வழியாக ஒருவன் ஓடிவந்தான். “இன்னாங்க இங்க நின்னுக்கினு? பாடை கட்டியாச்சு. ஜல்தி வாங்க!”

அம்மா, அப்பாவின் தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்தாள். உதறினாள். மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கஞ்சி வாசம் அடித்தது.

சித்தி அலறினாள். “அடி பாவி, சாவுச் சீலைடி அது! ஒடம்புல சுத்தாதடி!”

உடுத்தியிருந்த சேலைக்கு மேலேயே அம்மா அதைச் சுற்றிக்கொண்டாள். கொசுவம் வைக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்ஸ்பெக்டருக்கு எதிரே வந்து நின்றாள்.

“கட்டியிருக்கறதுங்க,” என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உயர்த்தினார். மூங்கில் எழும்பியது.

வரப்பில் அம்மா ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். கோடி அவள் காலில் சுற்றித் தடுக்கியது. ஒரு வாய்க்கால் இறங்கி ஏறினோம். அக்கா வீட்டு வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புருஷன் வீட்டுச் சேலை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் அவ்வளவு பெரிய பொட்டு அக்கா உயிரோடு வைத்துக்கொண்டதே இல்லை.

அம்மா நின்ற இடத்திலேயே கோடியை அவிழ்த்தாள். அக்காவின் நாத்தனார் அதைக் கையில் வாங்கினாள். கரையில் சேறு. இடுப்புப் பக்கம் வியர்வையில் நனைந்திருந்தது.

“கட்டிக்கினு வந்ததா?” என்றாள்.

“எல்லையில வுடலம்மா.”

“எல்லைக்கும் எமனுக்கும் இன்னா சம்பந்தம், அத்தை? கட்டின சீலையைக் கோடின்னு போட்டா அவளுக்கு வழி கெடைக்குமா? நீயே சொல்லு.” அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். கெட்டவள் இல்லை, அக்காவைக் கடைசிவரை கவனித்தவள் அவள்தான். அந்த வீட்டுப் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘போடு’ என்று அப்பா சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அப்பாவுக்கும் அது கோடி இல்லை.

நாத்தனார் சேலையை மடித்து அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். அக்காவைத் தூக்கினார்கள். பிறந்த வீட்டு நூல் ஒன்றுகூட மேலே இல்லாமல் அவள் போனாள்.

அடுத்த மாதம் எனக்கு அந்தச் சாவடியிலேயே ஒரு வேலைக்கு இன்ஸ்பெக்டர் சிபாரிசு எழுதினார். அப்பா, “வாணாம்பா,” என்றார். நான் திண்டிவனத்தில் வாத்தியார் வேலைக்குப் போனேன். பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தினேன். எல்லைகளைச் சிவப்பு மையால் போடச் சொன்னேன். ஒரு பையன் கோடு கோணலாக வந்ததென்று அழுதான். அதெல்லாம் அப்படித்தான் வரும் என்றேன்.

அந்தச் சேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பிணத்தின் மேல் கிடந்த துணி என்றால் வண்ணார் எடுத்துக்கொள்வார். இதற்கு அவர் கை நீட்டவில்லை. பெட்டியில் வைக்கக் கூடாது என்றாள் சித்தி. கொளுத்திவிடலாம் என்றார் அப்பா. அம்மா அதைத் துவைத்துக் காயவைத்து, மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை எடுக்கப் போகும்போது கட்டிக்கொண்டு போனாள். அதன்பிறகும் அதையேதான் கட்டினாள். ஊர்ப் பெண்கள் அவளுக்குப் பக்கத்து வரிசையில் உட்காரப் பயந்தார்கள். நான் லீவுக்கு வந்திருந்தபோது ஒருத்தி கேட்டேவிட்டாள்.

“ஏன்க்கா, சாவுச் சீலையைக் கட்டிக்கினு திரியறியே, ஒனக்கு ஒரு மாதிரி இல்லியா?”

அம்மா களைக்கொத்தை நிறுத்தவில்லை. “எம் பொண்ணு குடுத்ததுடி,” என்றாள்.