மூன்றாம் மாடியிலிருந்து கீழே

எங்கள் கட்டடத்துக்கு வாட்ச்மேன் கிடையாது, லிஃப்டும் கிடையாது. மந்தைவெளியில் ஒரு குறுகலான தெருவில், கீழே ஒரு வீடும் மேலே மாடிக்கு இரண்டு வீடுமாக மூன்று மாடி. மோட்டார் போடுவது, படிக்கட்டு பெருக்குவது, மொட்டைமாடித் தொட்டி கழுவுவது எல்லாம் எங்களுக்குள் முறை வைத்துத்தான். யார் பெருக்கவில்லை என்று வாக்குவாதம் வரும். ஆனாலும் எப்படியோ வேலை நடந்துவிடும்.

மூன்றாம் மாடி மாமாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது அதுவும் அந்த முறையில் சேர்ந்துகொண்டது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களில் கால்களில் வலுவே இல்லாமல் போய்விட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் எங்கள் படிக்கட்டின் முதல் வளைவிலேயே திரும்பவில்லை. அன்று கீழ்வீட்டு ஆட்டோக்காரரும், இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த இரு இளைஞர்களும், நானும் அவரை மர நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி வேட்டியால் கட்டி, கீழே இறக்கினோம். அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள் காலையில் இறக்கி, மதியம் ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று பேர் இருந்தால் போதும். நான் தரமணி ஆபீசில் மாலை ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வளைவிலும் மாமா, "இறக்கி வைங்கோ, மூச்சு விட்டுக்கோங்கோ" என்பார். போகப்போகப் பேச்சு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி வருவார். கூடவே மருந்துப் பையோடு இறங்கி வரும் மாமி மட்டும், "உங்களுக்கெல்லாம் எத்தனை சிரமம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

பிறகு அந்த இளைஞர்கள் இருவருக்கும் பெங்களூருக்கு வேலை மாறியது. அந்த வீட்டுக்கு வந்தவர் இரவு வேலைக்காரர். காலையில் அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. மற்ற வீடுகளில் இருந்தவர்கள் மாமாவைவிட மூத்தவர்கள். நானும் ஆட்டோக்காரரும் மட்டும் மிஞ்சினோம்.

மாமாவோடு வீட்டை மாற்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போக முடியுமா என்று ஆட்டோக்காரரிடம் நான்தான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எனுக்கு இன்னா சார், இன்னிக்கே மாத்திக்கலாம். எங்கம்மா முட்டிதான் பிரச்சினை. ரெண்டு படி ஏறுனாலே அழுவுது."

அவருடைய அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்த ஐயா நல்லா இருக்கணும்பா. நா இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு."



அடுத்த வாரம், இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் என் முதுகு பிடித்துக்கொண்டது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. எப்படியோ வளைவில் இறக்கி வைத்துவிட்டு நான் படியிலேயே உட்கார்ந்தேன். ஆட்டோக்காரர் ஆள் கூட்டிவர ஸ்டாண்டுக்கு ஓடினார். மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் நாங்கள் மூன்று பேர். மாமி முந்தானையால் மாமாவுக்கு விசிறினார்.

"உங்களுக்கு வலிக்கறதா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"இல்லை மாமா."

"பொய் சொல்லாதீங்கோ" என்றவர் அதன்பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கைப்பிடியை விடவில்லை. மாமி துடைத்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்டாண்டில் யாரும் இல்லை. எல்லாரும் சவாரி போயிருந்தார்கள். திரும்பி வந்த ஆட்டோக்காரர் வேட்டிக் கட்டை அவிழ்த்தார். "நைனா, எங்கழுத்தைக் கெட்டியா புட்ச்சிக்கோ" என்று மாமாவை முதுகில் ஏற்றிக்கொண்டு, சுவரில் தோளை ஊன்றி ஊன்றி இறங்கினார். வங்கியில் மேனேஜராக இருந்த மனிதர் குழந்தையைப் போல அந்த முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கீழே போனதும் ஆட்டோக்காரர் வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

எனக்கு டிஸ்க் விலகியிருப்பதாகவும், வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதென்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோக்காரர் ஸ்டாண்டில் கிடைத்த ஆளைக் கூட்டிவந்து சமாளித்தார். அந்த மாதமே மாமாவின் மகள் அமெரிக்காவிலிருந்து வந்து, பெருங்குடியில் தரைத்தளமாக ஒரு வீடு பார்த்தாள். போகிற அன்று லாரிக்காரர்கள் மாமாவை இறக்கினார்கள். நான் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

ஒருநாள் காலையில், ஆபீஸ் போவதற்கு முன் அங்கே போனேன். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க, அந்த வீட்டு வாசலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மூன்று படி. மகள் அமெரிக்கா திரும்பியிருந்தாள். டயாலிசிஸுக்குப் போக டாக்சி வெளியே நின்றது. டிரைவருக்கு முதுகுவலியாம், தூக்க மாட்டேன் என்றுவிட்டார். மாமா கூடத்தில் சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மாமி தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். "எதிராத்துல ஒருத்தர் இருக்கார். பேர்கூடத் தெரியாது. போய்க் கேட்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் போய் எதிர்வீட்டு மணியை அடித்தேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தேன்.