எல்லோருக்கும் ஓ பொசிட்டிவ்

அப்பாவுக்கு அடுத்த கிழமை ஒப்பரேஷன். இன்று வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் அவருக்கு நோயாளர் அட்டை எடுத்தேன். இரத்த வகை ஓ பொசிட்டிவ் என்று அச்சாகியிருந்தது. அப்பாவுக்கு பி நெகட்டிவ்.

கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். "தங்கச்சி, நீங்கள் இரத்த வகையைக் கேக்கவே இல்லையே?"

"கேக்கத் தேவையில்லை அக்கா. அது சிஸ்டத்தில தானா வரும்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

பெருமையாக வேறு சொன்னாள்.

நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள்தான். தெரியாத விவரத்தின் இடத்தை வெறுமையாக விடவேண்டும். வெற்றிடம் அழகில்லை, கேட்டு நிரப்பவும் சோம்பல் என்று இந்த சிஸ்டத்தை எழுதிய எவனோ ஒரு மேதாவி ஊருக்கே ஓ பொசிட்டிவ் ஏற்றிவிட்டிருக்கிறான்.

சண்டை பிடித்து அப்பாவின் அட்டையை மாற்றிவிட்டேன்.

உங்கள் அட்டையையும் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அதில் இருப்பது உங்கள் இரத்தமா, அவனுடைய சோம்பலா?