பேராசிரியரின் புண்ணாக்கு அடை

யுத்தத்தால் பர்மா அரிசி வருவது நின்றுபோன பிறகு, எங்கள் ஜில்லாவின் பசியைத் தீர்ப்பதற்கென்று ஒரு பேராசிரியர் வந்து சேர்ந்தார். சீமைக்குப் போய் விவசாயம் படித்துவிட்டு வந்தவர். அங்கே எந்த வயலில் இறங்கினாரோ தெரியாது. அவர் பாதங்களைப் பார்த்தால் வரப்பைக்கூட மிதித்தவையாகத் தோன்றவில்லை.

நான் அப்போது சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி. எங்களுடையது நெசவுக் குடும்பம். நூல் கிடைக்காததால் தறி ஓடவில்லை. அப்பா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. கிராமத்துப் பெண்களுக்குப் புதுவகை உணவைச் சமைத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டபோது தலைமையாசிரியை என்னை அனுப்பிவைத்தார். கோடை விடுமுறையில் வேறு வருமானம் இல்லாததால் நானும் ஒப்புக்கொண்டேன்.

அஸ்தம்பட்டியில் அவர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. உணவின் எதிர்காலம் என்னவென்று நின்றபடியே கேட்டுக்கொண்டேன். அரிசி என்பது ஒரு பழக்கம்தான், அதை அறிவால் மாற்றிவிடலாம் என்றார். இனிவரும் காலத்தில் மனிதன் ருசிக்காகச் சாப்பிடமாட்டான், சத்துக்காகச் சாப்பிடுவான். வயலையும் வாய்க்காலையும் நம்பியிருக்கிற தொல்லை தீரும். மாவாகவும் பொடியாகவும் உணவு டப்பாக்களில் வரும். அந்த எதிர்காலத்தின் முதல் படி கடலைப் புண்ணாக்கு. நாம் முட்டாள்தனமாக மாட்டுக்குப் போட்டு வீணாக்கிக்கொண்டிருந்தோமாம்.

அவர் சொன்ன ரசாயனத்தில் பொய் இல்லை. புண்ணாக்கில் சத்து இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதைத் தின்னச் சொல்ல வந்தவருடைய தோரணைதான் எனக்குக் குமட்டியது. பேச்சுக்கு நடுவே உள்ளேயிருந்து நெய் காயும் வாசனை வந்தது. ஊரிலிருந்து சமையல்காரனையும் ஒரு மூட்டை சன்னச் சம்பா அரிசியையும் கூடவே கொண்டுவந்திருந்தார். நான் அந்த மூட்டையைப் பார்த்துவிட்டதை அவர் கவனித்துவிட்டார்.

"எனக்கு வயிறு சரியில்லை. டாக்டர் அரிசிச் சாதம்தான் சாப்பிடணும்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கார்" என்றார்.

செவ்வாய்ப்பேட்டை எண்ணெய்க் கடையில் புண்ணாக்கு வாங்கி இடித்துச் சலித்தோம். பெட்ரோல் இல்லாததால் கரிவாயுவில் ஓடுகிற பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டே நாமக்கல் போனோம். அங்கிருந்து மாட்டுவண்டியில் ஒரு புன்செய்க் காட்டு ஊர். முந்தின பருவத்தில் மழை பொய்த்துவிட்டது. கம்பு பூட்டையிலேயே, கதிரில் மணி பிடிக்காமல், பதராகிவிட்டது. வழியெங்கும் காடு வெளுத்துக் கிடந்தது. பேராசிரியர் வண்டிக்குள் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

எங்களை வரவேற்றவர் அந்த ஊர்ப் பண்ணையக்காரர். மோகனூர்ப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் அவருக்கு நஞ்சை இருந்தது. ஜில்லா முழுவதும் அரிசிக்கு அலைந்த அந்த நாளில் அவர் வீட்டு இலையில் சோறு மலையாகக் குவிந்தது. பருப்பு, நெய், மூன்று வகைக் காய். பேராசிரியர் ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, "இந்த ஜனங்களுக்கு அரிசி மோகம் தீரணும்" என்றார்.

"ஆமாங்க, தீரணுங்க" என்றார் பண்ணையக்காரர். மோருக்கும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். இறங்கியது. வெகுநாள் கழித்துக் கண்ட நல்ல சோறு அது.

மத்தியானம் புளியமரத்தடியில் பெண்களைக் கூட்டிவைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய்க்குச் சீட்டுத் தரப்போகிறார்கள் என்று யாரோ சொல்லித்தான் அவர்கள் வந்திருந்தார்கள். சீட்டு இல்லை, பேச்சுத்தான் என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் பண்ணையக்காரருக்குப் பயந்து யாரும் எழுந்து போகவில்லை.

பேராசிரியர் பேசினார். அரிசியைக் கைவிடுங்கள் என்றார். கம்புக்கும் சோளத்துக்கும் பழகிக்கொள்ளுங்கள் என்றார். பழக்கத்துக்கு அடிமையாகாதீர்கள் என்றார். நான் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"ஏனுங் டீச்சரம்மா, சோத்த உடச் சொல்றாருங்களே, நாங்க எங்கீங்க சோத்தக் கண்டோம்? நோம்பி நாள்ல ஒரு வாய். கம்பு எங்கீங்க இருக்குது, அதைச் சொல்லச் சொல்லுங்க."

அவருக்குக் கேட்கும்படி நான் அதை உரக்கச் சொன்னேன். விநியோகம் தன்னுடைய துறை அல்ல என்றார் அவர். அதோடு கேள்வி முடிந்துவிட்டது.

பிறகு புண்ணாக்கு மாவில் சோள மாவும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து அடை தட்டினேன். சிக்குப்பிடித்த எண்ணெய் வாடை எழுந்தது. பெண்கள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திகூட வாயில் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னும் வேண்டும் என்று கை நீட்டினார்கள். பேராசிரியருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. சற்றுத் தள்ளி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு, கை நீட்டியதுதான் தெரிந்தது.

கேள்வி கேட்டவளிடம், "தின்னாமல் எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எருமைக்குங்க. கன்னுப் போட்டதுல இருந்து நல்ல தீனி இல்லைங்க. அது பால் கறந்தாத்தானுங்க எங்களுக்குக் கஞ்சி, இன்னிக்கு அதுவும் இல்லீங்க. இன்னும் ரண்டு குடுங்க."

கொடுத்தேன். வண்டி கிளம்பும்போது பார்த்தேன். கட்டுத்தறியில் நின்ற எருமை, நான் தட்டிய அடையைக் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது. பேராசிரியர் மறுபக்கம் பார்த்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சேலத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வக்கீல்கள், வியாபாரிகள், அதிகாரிகள் எல்லாரும் சட்டையில் கஞ்சி மொடமொடக்க வந்திருந்தார்கள். பட்டினி பற்றிய கூட்டத்துக்குச் சிற்றுண்டியும் உண்டு. பேராசிரியர் வெகுநேரம் பேசினார். பழமையில் ஊறிய கிராமப் பெண்களே புது உணவை ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள், கேட்டுக் கேட்டு வாங்கினார்கள், படித்தவர்கள்தான் தயங்குகிறார்கள் என்றார். பின்வரிசையில் இருந்த என்னைக் காட்டி, "இந்த உபாத்தியாயினியே சாட்சி. சொல்லுங்கம்மா" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"கேட்டு வாங்கினது நிஜந்தாங்க. சாப்பிட்டது அவங்க வீட்டு எருமை. அவங்க அன்னிக்குப் பட்டினிதான் கிடந்தாங்க" என்றேன்.

யாருக்காவது சுருக்கென்று படும் என்று நினைத்தேன். சிரித்தார்கள். டீச்சரம்மா வேடிக்கையாகப் பேசுகிறார் என்றார் தலைமை வகித்தவர். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் பேராசிரியர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயில்லா ஜீவனுக்கே அதன் அருமை தெரிந்திருக்கிறது, சத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டார். கைதட்டினார்கள். பட்டினி என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை, விழுந்திருந்தால் சிற்றுண்டி கசந்திருக்கும்.

அவமானப்படவும் ஒரு யோக்கியதை வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தலைமையாசிரியை மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பங்களாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். நான் போகவில்லை. பேராசிரியரும் என் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. கொஞ்ச நாளில் சென்னையில் ஏதோ உணவுக் கமிட்டியில் அங்கத்தினராகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மிச்சம் இருந்த அரிசி மூட்டையையும் ரயிலில் ஏற்றிக்கொண்டுதான் போனாராம்.

அந்த வருஷம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை வியாபாரி கஞ்சித் தொட்டி திறந்தார். சாயங்காலங்களில் நான் அங்கே போய்க் கஞ்சி ஊற்றினேன். அந்த வியாபாரியும் உத்தமர் இல்லை. தானியத்தைப் பதுக்கி விலை ஏற்றியவர்களில் அவரும் ஒருவர் என்று பேட்டை முழுக்கத் தெரியும். பாவத்துக்குப் பயந்துதான் திறந்தார். ஆனால் அவர் யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. கஞ்சி தண்ணீராக இருந்தாலும் சூடாக இருந்தது, குடித்தது எருமைகள் இல்லை, மனிதர்கள்.