தண்டவாளத்தில் இறங்கச் சொன்னவர்

எழுதிப் பழக்கம் இல்லாதவன் நான். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் என் சாட்சியை எழுதிக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம். அதற்கு முந்தின வருஷ மழையில் நான் பைக்கைச் சறுக்க விட்டதில் என் மனைவிக்குக் கை முறிந்திருந்தது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் இருந்த அவள் தம்பி என்னோடு பேசுவதில்லை. என்னைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் பேசுவான். எனக்கும் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

மூன்று நாளாக மழை. சாயங்காலம் என் மகள் ரூத்துக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஏழு வயதுப் பிள்ளை. உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோ ஒன்றும் வரவில்லை. பைக்கை எடுத்தேன். மச்சான் வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, ஏறாதே. அன்னிக்கு கைய ஒட்ச்சாரு. இன்னிக்கு கொழந்தைய சாவடிக்கப் போறாரு.”

வேறு வழி ஒன்றும் அவன் சொல்லவில்லை. மனைவி ரூத்தை நடுவில் வைத்து, புடவையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

ஆண்டவரே, மழையை நிறுத்தும் என்று போகும்போதே கெஞ்சினேன். மழை வலுத்தது. மனிதர்கள்தான் வெறுக்கிறார்கள், நீருமா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை மறைக்க மாட்டேன்.

நெமிலிச்சேரிப் பக்கம் லெவல் கிராசிங். மழையில் நடுவே தண்ணீர் தேங்கும். அதில் இறங்காமல் ஓரமாகச் சாய்வாய்த் தண்டவாளத்தைத் தாண்டுவது எங்கள் பக்கத்தாரின் பழக்கம். நானும் அப்படியே திருப்பினேன். கேட்கீப்பர் குறுக்கே பாய்ந்து, கொடிக் கம்பால் என் பெட்ரோல் டாங்கில் அடித்தார்.

“யோவ், கண்ணு தெர்ல? ஈர தண்டவாளத்துல சாச்சிகினு போறே. டயர் வழுக்கிகினு பூடும். பொம்பளைய எறக்கு. வண்டிய நேரா தள்ளிகினு போ.”

குடும்பத்துக்கு முன்னால் அவமானம். அவரை அடிக்கலாம் போல இருந்தது. ஆனாலும் மனைவியையும் பிள்ளையையும் இறக்கி, நானும் இறங்கினேன். பின்னால் ஹாரன் அடித்த ஒருவன், “பெருசு, வண்டிய வித்துட்டு மாடு வாங்கு” என்று சொல்லி ஓரமாகச் சாய்ந்து போனான். தண்டவாளத்தில் பட்டதும் அவன் வண்டி சறுக்கிப் படுத்தது. எதிரே வந்த லாரி அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. தாடை கிழிந்து எழுந்தான்.

நான் தேங்கிய தண்ணீரில் இறங்கி நேராகத் தள்ளினேன். அப்புறம் அவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரை விட்டு மாற்றவில்லை. பின் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். ஊசி போட்ட பிறகு ரூத் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

மழையை நிறுத்தக் கேட்டேன். ஆண்டவர் என்னை நிறுத்தினார்.

இன்றும் ஈரத் தண்டவாளத்தில் இறங்கித்தான் தள்ளுகிறேன். நான் வேலை செய்யும் ஃபாக்டரியில் சிரிக்கிறார்கள். மச்சானுக்காகவும் ஜெபிக்கிறேன், மனசில்லாமல்தான். பிரியமானவர்களே, உங்கள் ஜெபத்துக்குப் பதில் வசவாகக்கூட வரலாம். நம்பி, காது கொடுங்கள்.

ரூத் பிழைத்த மறுநாள் கேட்கீப்பருக்கு நன்றி சொல்லப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வண்டி வருது, தள்ளி நில்லு என்றார். தள்ளி நின்றேன்.